வலிக்கவில்லை என்றாலும் வாருங்கள்: நீரிழிவு வெளிநோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் நீரிழிவு வெளிநோயாளிப் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தேன். தமிழ் பேசுவேன் என்பதால், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் என்னிடம் கேட்பார்கள். அதுவும் எல்லாம் முடிந்து, எழுந்து, கதவில் கை வைத்த பிறகு: "மிஸி, ஒரே ஒரு சந்தேகம்..." அப்படிக் கேட்ட கேள்விகளையும், அவசரத்தில் பாதியாகச் சொன்ன பதில்களையும் இங்கே முழுதாக எழுதுகிறேன். உங்கள் மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றதைப் பேசலாம்.

எனக்கு எந்த வலியும் இல்லை. எதற்கு இத்தனை அப்பாயின்ட்மென்ட்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நம் வீடுகளில் இனிப்புநீர் என்று சொல்கிற இந்த நோய், கண்ணின் பின்புறத்திலும் சிறுநீரகத்திலும் கால் நரம்புகளிலும் உள்ள மிக நுண்ணிய ரத்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுக்கும். விழித்திரையில் கசிவு தொடங்கிய பிறகும் தமிழ் முரசு படிக்க முடியும். சிறுநீரகம் பாதித் திறனை இழந்த பிறகும் சிறுநீர் வழக்கம்போலப் போகும். கால் நரம்பு கெட்டால், வலியை உணரும் சக்தியே போய்விடும். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணைப் படம் எடுக்கிறோம், சிறுநீரைச் சோதிக்கிறோம், காலைத் தொட்டுப் பார்க்கிறோம். உடம்பு சொல்லாததை இந்த மூன்று சோதனைகளும் சொல்லும்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 17.2 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நேரம் ஒதுக்கி இதைப் பற்றியே பேசினார். ஒரு நாட்டின் தலைவர் சர்க்கரையைப் பற்றி மேடையில் பேச வேண்டிய அளவுக்கு விஷயம் பெரிது.

பாலிகிளினிக் என்கிற பலதுறை மருந்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாமா, மருத்துவமனைக்கு வர வேண்டுமா?

பெரும்பாலோருக்குப் பலதுறை மருந்தகமோ, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள குடும்ப மருத்துவரோ போதும். ரத்தச் சோதனை, கண் படம், கால் சோதனை எல்லாம் அங்கேயே நடக்கும். சர்க்கரை எவ்வளவு முயன்றும் இறங்காதவர்கள், உடம்பில் இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகமோ கண்ணோ காலோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து மயங்குகிறவர்கள் ஆகியோரைத்தான் மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் வந்தால் மானியக் கட்டணம் கிடைக்கும். கடிதமில்லாமல் நேராக வந்து முழுக் கட்டணம் கட்டி மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிலைமை சீரானதும் உங்களைத் திரும்பப் பலதுறை மருந்தகத்துக்கு அனுப்பினால், "கைகழுவி விட்டார்கள்" என்று வருந்த வேண்டாம். உங்கள் உடம்பு தேறியிருக்கிறது என்று அர்த்தம்.

விரலில் குத்திப் பார்த்தால் 6 காட்டுகிறது. டாக்டர் மட்டும் 9 என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வேறு வேறு. விரல் சோதனை அந்த நிமிடத்தின் சர்க்கரையைச் சொல்கிறது. டாக்டர் சொல்வது ஹெச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் அவற்றில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதை விழுக்காட்டில் கணக்கிடுவார்கள். அது இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். சோதனைக்கு முந்திய வாரம் மட்டும் பத்தியமாக இருந்தால் விரல் சோதனை இறங்கும், ஹெச்பிஏ1சி அவ்வளவாக அசையாது. காலையில் மட்டும் குத்திப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எங்கே போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

பொதுவாக 7 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே என்பது இலக்கு. வயது முதிர்ந்தவர்களுக்கும், தாழ்சர்க்கரை ஆபத்து உள்ளவர்களுக்கும் டாக்டர் இதைக் கொஞ்சம் தளர்த்துவார். கடுமையான ரத்தசோகை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ இந்த எண் தவறாக வரலாம். அப்படியிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு விழுக்காடு குறைந்தால் என்ன பெரிய லாபம் என்றும் கேட்பார்கள். பிரிட்டனில் 1977இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு ஒன்று ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஹெச்பிஏ1சி ஒரு விழுக்காடு குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைவாக இருந்தன. 9இலிருந்து 8க்கு வந்து, "இன்னும் 7 வரவில்லையே" என்று தலைகுனிந்து உட்காருபவர்களிடம் இதைத்தான் சொல்வேன். நீங்கள் ஏற்கெனவே உங்கள் கண்ணுக்கு நல்லது செய்துவிட்டீர்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் இருக்கும் அக்கா "எனக்கு 140தான்" என்பார், இங்கே நமக்கு 7.8 என்று வரும். அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இரண்டும் ஒன்றுதான்.

மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டே கிட்னி கெட்டுவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் சிலர், பின்னாளில் ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) வந்து நின்றார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு நீரிழிவே காரணம். சிறுநீரகத்தைக் கெடுப்பது கூடிய சர்க்கரையும் கூடிய ரத்த அழுத்தமும். சர்க்கரையைக் குறைக்கத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்காது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டால் அந்த மருந்து உடம்பில் தங்கிவிடும் என்பதால் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். இதைப் பார்த்துவிட்டு "மெட்ஃபார்மினால்தான் கெட்டது, அதனால்தான் நிறுத்தினார்கள்" என்று அக்கம்பக்கத்தில் கதை கட்டிவிடுகிறார்கள்.

டாக்டர் தரும் சில மருந்துகள் சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே தரப்படுகின்றன. லோசார்டான், எனலாப்ரில் போன்றவை ரத்த அழுத்தத்துக்கு மட்டுமல்ல, சிறுநீரில் புரதம் கசிவதையும் குறைக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதோடு, சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பாதுகாப்புத் தருகின்றன. "எனக்குத்தான் பிரஷர் இல்லையே, இது எதற்கு?" என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் ஒவ்வொரு மாத்திரையாகக் காட்டி, இது எதற்கு, அது எதற்கு என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

உண்மையில் நான் பயப்படுவது வேறு மாத்திரைகளைப் பார்த்துத்தான். முட்டி வலிக்கு டிக்லோஃபெனாக், ஐபூபுரோஃபென் என்று கடையிலோ ஊரிலிருந்தோ வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். சிறுநீரகத்தை அடிப்பது அவைதான்.

சிறுநீர்ச் சோதனையில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். ரத்தச் சோதனையில் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடுவார்கள். இரண்டையும் ஆண்டுதோறும் செய்கிறார்களா என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கசிவைத் தொடக்கத்திலேயே பிடித்தால் அதைக் குறைக்க வழி இருக்கிறது.

மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்புண்டு. கால் மரத்துப்போனால், பி12 பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கண் நன்றாகத் தெரிகிறது. படம் எடுத்தே ஆக வேண்டுமா?

எடுத்தே ஆக வேண்டும். விழித்திரைப் பாதிப்பு முற்றிய பிறகுதான் பார்வை மங்கும். மங்கிய பிறகு லேசர், ஊசி எல்லாம் இருந்தாலும், போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. படம் எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அதனால் அன்று வண்டி ஓட்டி வராதீர்கள்.

கால் பராமரிப்பு என்று இவ்வளவு சொல்கிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது காலில்?

என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். ஒரு நண்பகலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றி வந்தார். வெயிலில் கல்தரை கொதித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள், அவர் நிதானமாக நடந்தார். உள்ளங்கால் கொப்பளித்தது அவருக்குத் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து விரிப்பில் இருந்த கறையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஊரார் கால்களை எல்லாம் சோதித்த நான், வீட்டில் அப்பாவின் காலைக் குனிந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதவும் அதுவே காரணம்.

நரம்பு உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று அறிய, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்போம். கண்ணை மூடிக்கொண்டு உண்மையைச் சொல்லுங்கள். சிலர் தேர்வு எழுதுவதுபோல ஊகித்து "தெரிகிறது, தெரிகிறது" என்பார்கள். அதனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது: தினமும் இரவில் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம். கால் ஆணிக்கு பிளேடு வைக்க வேண்டாம், பாத சிகிச்சையாளரிடம் வாருங்கள். சுடுநீரில் காலை ஊறவைக்காதீர்கள். சப்பாத்து போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சின்னப் புண், நிறமாற்றம், வீக்கம், வழக்கத்துக்கு மாறான சூடு எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்திருக்கிறேன். போகலாமா?

வேண்டுதலின் அருமை எனக்குத் தெரியும், நானும் பால்குடம் எடுத்தவள். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை வெறுங்காலில் நடப்பதும், தீமிதியில் இறங்குவதும் கால் உணர்ச்சி நன்றாக இருப்பவருக்கு ஒன்று, உணர்ச்சி குறைந்தவருக்கு வேறு. சில வாரங்களுக்கு முன்பே காலைச் சோதித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் தீமிதி வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அலகு குத்துவதற்கு முன், சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று டாக்டரிடம் பேசுங்கள், புண் ஆறுவது அதைப் பொறுத்தது. நடந்து முடித்த அன்றே உள்ளங்காலைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாதாரண நாளில் கோயிலுக்குப் போவதானால் காலையிலோ மாலையிலோ, தரை குளிர்ந்த நேரத்தில் போங்கள்.

விரதம் இருக்கலாமா? ரமலான் நோன்பு?

சிலர் இருக்கலாம், சிலருக்கு ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிபிசைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் பட்டினியில் சர்க்கரை திடீரென்று தாழலாம். எம்பாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்கள் நீண்ட பட்டினியில் உடம்பு வறண்டு, ரத்தத்தில் அமிலம் கூடும் நிலைக்குப் போகலாம். சஷ்டி ஆறு நாளோ, ரமலான் மாதம் முழுவதுமோ, ஒரு மாதம் முன்னதாகவே வந்து மருந்து நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பில் விரல் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 4க்குக் கீழே போனால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும்.

சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது?

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழப்பம் வந்தால் சோதித்துப் பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள், ஏறவில்லை என்றால் திரும்பக் குடியுங்கள். ஏறியதும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கட் போல ஏதாவது சாப்பிடுங்கள். சீனி இல்லாத பானங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன, அவசரத்தில் அதை எடுத்துக் குடித்தால் பயனில்லை. சாக்லேட்டும் சரிப்படாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

இன்சுலின் என்றால் கடைசிக் கட்டமா?

இல்லை. நீரிழிவு வந்து பல ஆண்டுகளானால் கணையம் களைத்துப்போகும். மாத்திரை போதாதபோது, உடம்பில் குறைந்துவிட்ட இன்சுலினை வெளியிலிருந்து தருகிறோம், அவ்வளவுதான். "இன்சுலின் போட்டதும் என் அத்தைக்குக் காலை எடுத்துவிட்டார்கள்" என்பார்கள். பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு மிகத் தாமதமாகத் தொடங்கியதுதான் அங்கே நடந்தது. இப்போதைய பேனா ஊசி அரிசியைவிடக் குட்டையானது. முதல் ஊசியை என் முன்னால் போட்டுக்கொண்டவர்களில் பலர், "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்டார்கள்.

திறக்காத பேனாவைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், உறைபெட்டியில் வைக்காதீர்கள். பயன்படுத்தும் பேனாவை வெயில் படாத இடத்தில் வைக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு 28 நாள்தான் கெடு, உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் நம் ஊர் வெயிலில் வீணாகிவிடும்.

தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் என்ன சாப்பிடலாம்?

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறோ சப்பாத்தியோ, கால் பங்கு மீன், கோழி, பருப்பு. வாழையிலைச் சாப்பாட்டில் இதைச் செய்வது எளிது. சோற்றைப் பாதியாகக் கேட்டு, கூட்டும் பொரியலும் இரண்டாம் முறை கேளுங்கள். பரோட்டா ஆசைப்பட்ட அன்று ஒன்றோடு நிறுத்தி, சீனியைத் தொடாதீர்கள்.

நம் மக்களை வீழ்த்துவது பெரும்பாலும் தேத்தண்ணீர்தான். ஒரு நாளைக்கு நான்கு கிளாஸ் தே தாரிக், ஒவ்வொன்றிலும் சீனி சேர்த்த கட்டிப்பால். "நான் இனிப்பே தொடுவதில்லை, மிஸி" என்று சொல்பவர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முதலில் "சியூ தாய்" என்று சீனி குறைவாகக் கேளுங்கள், நாக்கு பழகியதும் "தே சி கோசோங்" என்று சீனியே இல்லாமல் கேளுங்கள். புட்டிப் பானங்களில் 2022 கடைசியிலிருந்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து இருக்கிறது. 'டி' என்றால் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி இருக்கலாம், அதை வைத்துவிட்டு 'ஏ' பாருங்கள்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், ஊரிலிருந்து வரும் பொடி?

பாகற்காயும் வெந்தயமும் சமையலில் தாராளமாக இருக்கட்டும், மருந்தை நிறுத்த அவை காரணமாக வேண்டாம். பெயர் தெரியாத பொடிதான் கவலை. 2008இல் இங்கே என்ன நடந்தது என்பதை மறக்கக் கூடாது. நீரிழிவே இல்லாத 150 பேர் சில மாதங்களுக்குள் கடுமையான தாழ்சர்க்கரையுடன் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள், நால்வர் இறந்தார்கள். சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளைபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. "மூலிகை மட்டும்" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் பொட்டலத்தோடு கொண்டு வாருங்கள்.

செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நீரிழிவுக்கு, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளிவரை எடுக்கலாம். கூடவே ரத்த அழுத்தமோ கொழுப்போ இருந்தால் 700 வெள்ளிவரை. குடும்பத்தாரின் மெடிசேவையும் பயன்படுத்தலாம். இப்படி எடுக்கும்போது கட்டணத்தில் 15 விழுக்காட்டைக் கையிலிருந்து கட்ட வேண்டும். 40 வயது நிரம்பியவர்கள் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொண்டால் அங்கே அந்த 15 விழுக்காடும் இல்லை. தனியார் குடும்ப மருத்துவரிடம் அரசு மானியம் தரும் சாஸ் அட்டையும், மூத்தோருக்கான முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை அட்டைகளும் உதவும். அப்படியும் முடியவில்லை என்றால் மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பணத்துக்காக மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதாக ஒரு மூதாட்டி என்னிடம் அழுதிருக்கிறார். அன்றே அவருக்கு வழி பிறந்தது, ஆனால் அவர் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் வேலைக்குப் போக வேண்டும்.

தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று பதிவின்போதே கேளுங்கள். ஹெல்த்ஹப் செயலியில் அம்மாவின் சோதனை முடிவுகளைப் பார்க்க முடியும். ஆண்டுக்கு ஒரு முறையாவது நீங்களே கூட வாருங்கள். "எல்லாம் நல்லா இருக்கு" என்று அம்மா சொல்வதற்கும் அறிக்கையில் இருப்பதற்கும் உள்ள தூரம் அன்று தெரியும்.

இரண்டு ஆண்டுகளாக வரவில்லை. இப்போது வந்தால் திட்டுவார்களா?

யாராவது முகம் சுளிக்கலாம், அதற்காகத் திரும்பிப் போய்விடாதீர்கள். மருந்தகத்துக்கு ஃபோன் செய்து, தவறவிட்டுவிட்டேன், புதுத் தேதி வேண்டும் என்று சொன்னால் போதும். பரிந்துரை காலாவதியாகியிருந்தால் பலதுறை மருந்தகத்தில் புதிதாக எழுதி வாங்க வேண்டியிருக்கும். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், சாப்பிடாமல் மிச்சம் வைத்ததையும் சேர்த்து. எது ஒத்துக்கொள்ளவில்லை, எது வயிற்றைக் கலக்கியது என்று சொன்னால் மாற்றித் தருவார்கள். அன்றைக்கே சப்பாத்தைக் கழற்றி, "என் காலைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேளுங்கள்.